பள்ளிக்கூட வாயிலில் ஒரு கல்வெட்டு

இதை எழுதும் நாங்கள் இருவரும் இன்று கணவனும் மனைவியும். அன்று ஒரே பங்கின் பிள்ளைகள். காரைக்காலுக்கு அருகே, வயலும் வாய்க்காலும் சூழ்ந்த சிற்றூர் எங்களுடையது. 1950-களின் பிற்பகுதியில், பெரிய வாரம் வந்துவிட்டால் கோயில் முற்றத்தில் கீற்றுப் பந்தல் எழும்பும். பெட்ரோமாக்ஸ் விளக்குகள் இரையும். இரவு முழுவதும் பாஸ்கா நடைபெறும். எங்கள் ஊரில் இயேசுவாக மனிதர் எவரும் நடிப்பதில்லை, அதற்குச் சுரூபம்தான். ஆனால் அவரைப் பிடிப்பவர், கட்டுபவர், அடிப்பவர், "சிலுவையில் அறையும்" என்று கூவுபவர் ஆகிய அனைவரும் எங்கள் ஊர் மனிதர்களே. அவர்களுக்கு நாங்கள் அறிந்திருந்த ஒரே பெயர் யூதர்.

யூதத் தலைவனாக ஆண்டுதோறும் வேடம் கட்டியவர் கோயில் தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருந்தார். சாந்தமான மனிதர். காசு குறைந்தாலும் கமர்கட்டு தருபவர். ஆனால் மேடையில் தாடியும் தலைப்பாகையுமாய் வந்து நின்று அவர் குரலெழுப்பினால் பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். மறுநாள் காலையில், உயிர்ப்புப் பூசை முடியும்வரை, சிறுவர்களாகிய நாங்கள் அவர் கடைப் பக்கம் போகமாட்டோம். "யூதன் கடை" என்போம்.

அத்தோடு நின்றிருந்தால் அது பிள்ளை விளையாட்டு. நிற்கவில்லை. அவருடைய மகன் எங்களோடு பங்குப் பள்ளியில் படித்தான். அவனுக்கு நாங்கள் "யூதன்" என்று பட்டப்பெயர் சூட்டினோம். உயிர்ப்பு ஞாயிறு வந்தது, போயிற்று, பள்ளி விடுமுறை வந்தது, போயிற்று, பெயர் போகவில்லை. ஓர் ஆண்டு முழுவதும் அவன் கடைசி வரிசையில் தனியே அமர்ந்திருந்தான். அவன் தொட்ட பந்தை நாங்கள் தொடமாட்டோம். அவன் அழுததை எங்களில் ஒருவர் பார்த்ததுண்டு. இருவரும் பார்த்ததுண்டு என்பதே உண்மை. அப்பெயரைச் சூட்டியது யாரென்று இன்று நினைவில்லை. சொன்னவர்களில் நாங்களும் இருந்தோம் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அறுபது ஆண்டுகளுக்குமேல் இதை நாங்கள் நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்கச் செய்தது வெகுதொலைவில், பாரிஸ் மாநகரில், ஒரு பள்ளிக்கூடச் சுவரில் பதித்திருந்த கருங்கல்.

1962-ல் புதுவையும் காரைக்காலும் முறைப்படி இந்தியாவோடு இணைந்தபோது, அங்குள்ளோர் சிலர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டனர். அத்தகைய குடும்பம் ஒன்றில் எங்கள் மகளைக் கொடுத்தோம். சில ஆண்டுகளுக்கு முன் அவள் வீட்டில் மூன்று மாதம் தங்கினோம். நகரின் வடக்கே 18-ஆம் வட்டாரத்தில் அவர்கள் வசிக்கிறார்கள். மோன்மார்த்ர் குன்றின்மேல் திரு இருதயப் பேராலயம் வெண்மையாய் எழுந்து நிற்கும் பகுதி அது. சற்றுத் தள்ளி லா ஷப்பேல் பக்கம் போனால் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கும் ஈழத் தமிழர் கடைகள். அந்நிய நாட்டில் இருக்கிறோம் என்ற எண்ணமே வராது.

பேரனுக்கு அப்போது ஆறு வயது. காலையில் அவனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது எங்கள் வேலை. வாயிலருகே சுவரில் கருங்கல் பலகை ஒன்று, பொன்னெழுத்துகள், கீழே வாடிய பூங்கொத்து. எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. புதிதாக எழுத்துக்கூட்டப் பழகியிருந்த பேரன் ஒருநாள் அதன்முன் நின்றுவிட்டான். ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். அன்று மாலை மகள் எங்களுக்குப் பொருள் சொன்னாள். இப்பள்ளியின் மாணவர்கள் 1942 முதல் 1944 வரை நாடு கடத்தப்பட்டு மரண முகாம்களில் கொல்லப்பட்டனர். காரணம், அவர்கள் யூதராய்ப் பிறந்தவர்கள். அவர்களைப் பிடித்துக் கொடுத்ததில் அன்றைய பிரெஞ்சு அரசுக்கும் பங்குண்டு. நாட்டிலிருந்து அவ்வாறு கொண்டுசெல்லப்பட்ட குழந்தைகள் 11,000-க்கும் மேற்பட்டோர்.

பேரன் கேட்டான்: "தாத்தா, யூதர்னா யாரு?"

எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது தாடியும் தலைப்பாகையும். வாய் திறக்க முடியவில்லை.

விடை தெரியாமல் ஊர் திரும்பக் கூடாது என்று எண்ணினோம். மகள் நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கொண்டுவந்து இரவில் தமிழில் சொல்லுவாள். பகலில் நாங்கள் அத்தெருக்களில் நடப்போம். அவ்வாறு, அச்சுவருக்குப் பின்னால் படித்த குழந்தைகளின் வாழ்வைச் சிறிது சிறிதாக அறிந்தோம்.

அவர்களில் பலருடைய பெற்றோர் போலந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தையற்காரர், தோலாடை தைப்பவர், தொப்பி செய்பவர், சிறு கடைக்காரர். வீட்டில் பேசியது இத்திஷ் மொழி. பள்ளியிலும் தெருவிலும் பேசியது பிரெஞ்சு. தாய் கடைக்குப் போனால் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளன். இதைக் கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ரொட்டிக் கடையில் எங்களுக்காகப் பேசும் பேரனை நினைத்துக்கொண்டோம்.

1940 ஜூன் 14 அன்று செருமானியப் படை பாரிசுக்குள் நுழைந்தது. அவ்வாண்டு அக்டோபரில் யூதர்கள் அனைவரும் காவல் நிலையத்திற்கு வந்து பெயரைப் பதிவு செய்யவேண்டுமென்று ஆணை பிறந்தது. சட்டத்தை மதிக்கும் எளிய மக்கள் வரிசையில் நின்று பதிந்தனர். பாரிசிலும் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ 1,50,000 பேர். அடையாள அட்டையில் "யூதர்" என்று சிவப்பு முத்திரை விழுந்தது. பின்னாளில் கதவைத் தட்டியவர்களுக்கு வழிகாட்டியது அந்தப் பதிவேடுதான். விஷி நகரிலிருந்து ஆண்ட பெத்தேனின் அரசும் அதே மாதத்தில் தானாகவே ஒரு சட்டம் இயற்றி, யூதர்களை அரசுப் பணியினின்றும் ஆசிரியப் பணியினின்றும் நீக்கியது.

பிறகு ஒவ்வொன்றாகப் பறிபோயின. 1941 மே மாதத்தில், விவரம் சரிபார்க்க வருமாறு பச்சை நிறச் சீட்டு அனுப்பி, அழைப்பை ஏற்று வந்த வெளிநாட்டு யூத ஆண்கள் 3,700 பேரைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். பல வீடுகளில் தந்தையின் நாற்காலி அன்றே வெறுமையாயிற்று. வானொலிப் பெட்டியைப் பறித்தார்கள், மிதிவண்டியைப் பறித்தார்கள். 1942 பிப்ரவரி முதல் இரவு எட்டு மணிக்குமேல் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. பின்னர், சுரங்க இரயிலில் கடைசிப் பெட்டியில் மட்டுமே ஏறலாம். ஜூலையில் பூங்கா, நூலகம், நீச்சற்குளம், திரையரங்கு எல்லாம் அடைபட்டன. கடைக்குப் பிற்பகல் மூன்றிலிருந்து நான்கு மணிக்குள் போகவேண்டும். போரினால் பொருள்கள் அரிதாயிருந்த காலத்தில் அந்நேரம் என்ன மிஞ்சியிருக்கும்?

எங்களை அதிகம் வருத்தியது மஞ்சள் விண்மீன். 1942 ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை முதல் ஆறு வயதும் அதற்கு மேலுமான யூதர் ஒவ்வொருவரும், மஞ்சள் துணியில் கருப்பெழுத்தால் "யூதர்" என்று பொறித்த விண்மீனை இடப்பக்க மார்பில் தைத்து அணியவேண்டும். ஆளுக்கு மூன்று விண்மீன்கள். போர்க்காலத்தில் துணி பங்கீட்டில் கிடைத்துவந்ததால் அதற்கும் பங்கீட்டுச் சீட்டில் ஒரு புள்ளி கழித்துக்கொண்டார்கள். தன் பிள்ளையை இழிவுபடுத்தும் துணிக்குத் தாயே விலை கொடுத்து, தாயே ஊசி நூலெடுத்துத் தைத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. பள்ளி உண்டு. ஆறு வயதுப் பிள்ளை அந்தச் சட்டையை அணிந்துகொண்டு வகுப்பறைக்குள் நுழைகிறது. அன்றைய காலையைப் பற்றி அந்நாள் மாணவர் பலர் முதுமையில் பேசியிருக்கிறார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் முன்னதாகவே மற்றப் பிள்ளைகளிடம், இவர்களை முன்பு போலவே நடத்தவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். சில வகுப்புகளில் நேற்றுவரை தோளில் கைபோட்டு நடந்த நண்பன் இடம் மாறி அமர்ந்தான். யூதரல்லாத இளைஞர் சிலர், தாங்களும் காகிதத்தில் விண்மீன் செய்து கேலிக்காகவும் எதிர்ப்பாகவும் அணிந்தனர். அவர்களைப் பிடித்து ட்ரான்சி முகாமில் அடைத்தார்கள்.

இடம் மாறி அமர்ந்த நண்பனைப் பற்றி மகள் சொல்லிக்கொண்டிருந்தபோது நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஊரில், பங்குப் பள்ளியில், கடைசி வரிசையில் தனியே அமர்ந்திருந்தவனின் முகம் எங்கள் முன் வந்து நின்றது.

ஓர் ஊர்ச் சிறுவன் வடித்த கண்ணீரையும் அந்தக் குழந்தைகளுக்கு நேர்ந்ததையும் ஒரே தராசில் வைக்க நாங்கள் துணியவில்லை. அது மாண்டவர்களுக்கு அவமதிப்பாகும். ஆயினும் ஒன்றைச் சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. நாங்கள் வாழ்நாளில் ஒரு யூதரையும் கண்டதில்லை. காணாத மக்களின் பெயரை ஒரு குழந்தையை அடிப்பதற்குரிய கல்லாக எங்களால் எடுக்க முடிந்தது. அந்தக் கல் எங்கள் கைக்கு எப்படி வந்தது?

அந்த ஜூலையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். 1942 ஜூலை 16, வியாழக்கிழமை, விடியுமுன் தொடங்கிற்று. கதவைத் தட்டியவர்கள் செருமானியர் அல்லர். பாரிஸ் நகரக் காவலர்கள். ஏறத்தாழ 4,500 பேர் கையில் முகவரிச் சீட்டுகளோடு வந்தார்கள். இரண்டு நாளில் 13,152 பேரைப் பிடித்தார்கள். அவர்களில் குழந்தைகள் 4,115. செருமானியர் முதலில் பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டுமே கேட்டனர். குழந்தைகளையும் கொண்டுபோகலாம் என்று முன்மொழிந்தவர் பிரெஞ்சு அரசின் தலைவர் லவால். நகரப் பேருந்துகளிலேயே ஏற்றிச் சென்று, குழந்தைகளுள்ள குடும்பங்களை ஐஃபல் கோபுரத்துக்கு அருகே இருந்த மிதிவண்டிப் பந்தய அரங்கத்தில் அடைத்தனர். கோடை வெப்பம், குடிநீர் இல்லை, கழிப்பிடம் போதவில்லை. ஐந்து நாள்கள்.

பின்னர் பித்திவியே, போன்-லா-ரோலாந்து என்ற ஊர்களின் முகாம்களுக்கு அனுப்பினர். அங்கே தாய்மாரைப் பிரித்து முதலில் அவுஷ்விட்சுக்கு இரயிலேற்றினார்கள். பிள்ளைகள் தனியே நின்றன. தம் பெயரைச் சொல்லத் தெரியாத மழலைகளும் அவற்றில் இருந்தன. ஆகஸ்டு மாதத்தில் ட்ரான்சி வழியாக அவர்களையும் அனுப்பிவைத்தனர். அந்தச் சிறு குழந்தைகள் எவரும் திரும்பவில்லை.

அரங்கம் 1959-ல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் 2017-ல் அமைத்த சிறு தோட்டத்தில் 4,115 பெயர்களையும் அவர்களின் வயதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பிற்பகல் அங்குச் சென்றோம். பெயர்களைப் படிக்க எங்களால் இயலவில்லை, எண்களைப் படித்தோம். ஆறு என்ற எண் வந்தபோதெல்லாம் பேரனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டோம்.

தப்பியவர்களும் உண்டு. முன்கூட்டியே இரகசியமாக எச்சரித்த காவலர் சிலர் இருந்தனர். கதவைத் திறந்து உள்ளே இழுத்துக்கொண்ட அண்டை வீட்டார் இருந்தனர். பிரான்சில் இருந்த யூதக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைத்தது இத்தகைய எளியவர்களாலும், கன்னியர் மடங்களாலும், புரோட்டஸ்டன்டு கிராமத்தாராலும், யூதர்களே நடத்திய மறைமுகக் குழுக்களாலும்தான்.

ஆனால் பிழைத்தல் எளிதன்று. எங்கள் மகள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஓர்தெனேர் தெரு இருக்கிறது. பிற்காலத்தில் மெய்யியல் பேராசிரியராய்ப் புகழ்பெற்ற சாரா கோஃப்மன் சிறுமியாய் அத்தெருவில் வளர்ந்தவர். தந்தை யூத குரு. அந்த ஜூலை 16 அன்று அவர் வீடு வீடாய்ச் சென்று மற்றவர்களை எச்சரித்துவிட்டு, தம் வீட்டிற்குத் திரும்பிக் காத்திருந்தார். தாம் ஒளிந்துகொண்டால் மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் பிடித்துச் செல்வார்கள் என்று எண்ணித் தம்மையே கொடுத்தார். அவுஷ்விட்சில் மாண்டார். அவர் விட்டுச்சென்றவற்றுள் மகளுக்கு எஞ்சியது ஒரு மைப்பேனா. அதைக் கொண்டே பள்ளியில் எழுதினாள். பழுதுற்ற பின்பும் மேசையில் வைத்திருந்தாள்.

அருகேயுள்ள லபா தெருவில் ஒரு கிறிஸ்தவப் பெண்மணி சாராவையும் தாயையும் போர் முடியும்வரை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். சிறுமியை உயிருக்குயிராய் நேசித்தார். அத்துடன் அவள் பெயரை மாற்றினார். அவள் உண்ணலாகாத உணவை ஊட்டினார். அவள் மரபைப் பற்றித் தாழ்வாகப் பேசினார். சிறுமியின் மனம் பெற்ற தாயை விட்டு அகன்றது. போருக்குப்பின் இரு பெண்களுக்கும் இடையே வழக்கே மூண்டது. இதையெல்லாம் அவர் 1994-ல், தாம் இறந்த ஆண்டில், ஒரு சிறு நூலாக எழுதினார். உயிரைக் காத்தவர்மீது அவருக்கு நன்றி உண்டு. ஆனால் அந்த அன்பு எதைக் கேட்டது, எதை எடுத்துக்கொண்டது என்பதை அவர் மறைக்கவில்லை. கத்தோலிக்கராகிய நாம் இதைக் கேட்பது நல்லது. பெற்றோரை இழந்த யூதச் சகோதரர் இருவருக்குத் திருமுழுக்குக் கொடுத்து, நீதிமன்றம் ஆணையிட்ட பின்பும் உறவினரிடம் ஒப்படைக்காமல் ஸ்பெயின்வரை கொண்டுபோய் மறைத்த நிகழ்ச்சி 1953-ல் பிரான்சையே உலுக்கியது. நல்லெண்ணத்தோடு செய்தார்கள் என்பதால் அது சிறியதாகிவிடாது.

இன்னொரு பாரிஸ் சிறுவனை நம்மில் பலர் அறிவோம். 1926-ல் போலந்து யூதக் கடைக்காரர் வீட்டில் ஆரோன் என்ற பெயரோடு பிறந்தவர். போர் மூண்டபோது ஓர்லெயான் நகரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் தங்கினார். பெற்றோரின் மனம் நோக, 1940 ஆகஸ்டில் தம் விருப்பப்படி திருமுழுக்குப் பெற்றார். கடையைக் காக்கப் பாரிஸ் திரும்பிய தாயை 1942-ல் பிடித்தனர். அவர் அவுஷ்விட்சில் மாண்டார். அந்த மகன் குருவாகி, 1981-ல் பாரிஸ் பேராயராகி, கர்தினாலாகி, 2007-ல் மறைந்தார். அவர்தான் ஜான்-மரீ லுஸ்திஜே. 1999-ல், நாடு கடத்தப்பட்டோரின் பெயர்களைப் பொதுவில் வாசிக்கும் நிகழ்ச்சியில் அவரும் வாசித்தார். பட்டியலில் கிசேல் லுஸ்திஜே என்ற பெயர் வந்தது. வாசித்தவர் நின்று, "என் அம்மா" என்றார், பிறகு தொடர்ந்தார். அவரது அடக்கத் திருப்பலிக்கு முன் நோத்ருதாம் பேராலயத்தின் வெளியே யூதரின் இறந்தோர் வேண்டுதல் ஓதப்பட்டது. பேராலயத்தினுள் அவர் நினைவுக் கல்லில், தாம் எழுதி வைத்தபடி, யூதராய்ப் பிறந்ததையும் திருத்தூதர்களைப் போலவே யூதராய் நிலைத்திருந்ததையும் பொறித்துள்ளனர்.

திருத்தூதர்களைப் போலவே! அச்சொல்லை மகள் மொழிபெயர்த்தபோது எங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பாஸ்கா மேடையில் அடித்தவர்கள் யூதர். அது எங்களுக்குத் தெரியும். அடிபட்டவரும் யூதர், அதை யாரும் சொல்லவில்லை. சிலுவையடியில் நின்ற தாய் யூதப் பெண். முகம் துடைத்த வெரோணிக்கம்மாளும், அழுத எருசலேம் மகளிரும், அருளப்பரும், கோழி கூவியபோது தேம்பிய இராயப்பரும் யூதர்கள். நல்லவர்களுக்கு அவரவர் பெயர் இருந்தது. கெட்டவர்களுக்கு மட்டும் இனத்தின் பெயர். கல் எங்கள் கைக்கு வந்த வழி அதுதான்.

எங்களுக்கு மட்டுமன்று; நூற்றாண்டுகளாய்க் கிறிஸ்தவ உலகுக்கே அது வந்த வழி. ஜூல் ஈசாக் என்ற பிரெஞ்சு வரலாற்றறிஞர் அதைத் தேடிக் கண்டறிந்தவர். பிரெஞ்சுப் பிள்ளைகள் படித்த வரலாற்றுப் பாடநூல்களை எழுதிய அவரை, யூதர் என்பதால் 1940-ல் பதவி நீக்கினர். 1943-ல் அவர் மனைவியையும் மகளையும் பிடித்துச் சென்றனர், அவர்கள் மீளவில்லை. அவர் ஒளிந்து வாழ்ந்தபடியே நற்செய்தி நூல்களை ஆராய்ந்தார். யூதரை இகழும்படி கற்பித்துவந்தது நற்செய்தியன்று, நற்செய்தியை விளக்கியவர்களின் வழக்கமே என்று நூலெழுதிக் காட்டினார். 1960-ல், எண்பத்திரண்டு வயதில், திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவானைச் சந்தித்து வேண்டினார். பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரைப் பற்றி வந்த கடுஞ்சொல்லை அத்திருத்தந்தை முந்திய ஆண்டே நீக்கியிருந்தார். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆண்டவரின் பாடுகளுக்கான பழியை அன்றைய யூதர் அனைவர்மீதும் வேறுபாடின்றியோ இன்றைய யூதர்மீதோ சுமத்தலாகாது என்று அறிக்கையிட்டது.

போர் நாள்களில் திருச்சபை என்ன செய்தது என்றும் கேட்டோம். அந்த ஜூலையில் பாரிசில் கூடிய கர்தினால்களும் பேராயர்களும் அரசுத் தலைவருக்கு எதிர்ப்புக் கடிதம் அனுப்பினர். ஆனால் அதைக் கோயில்களில் வாசிக்கவில்லை. துலூஸ் பேராயர் சலியேஜ், நோயினால் உடல் முடங்கிய முதியவர், ஆகஸ்டு 23 அன்று தம் மடலைப் பங்குகளில் வாசிக்கச் செய்தார். யூதரும் நம் சகோதரர் என்றார். தடுக்க முயன்ற அதிகாரிகளால் பல பங்குகளில் அதைத் தடுக்க முடியவில்லை. இரண்டையும் மறக்கலாகாது. 1997 செப்டம்பர் 30 அன்று ட்ரான்சி முகாம் இருந்த இடத்தில் பிரெஞ்சு ஆயர்கள் நின்று, அன்றைய மௌனம் தவறென்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டனர்.

ஊர் திரும்பும் முன் பேரனிடம் சொன்னோம்: "யூதர்னா இயேசு சாமி பிறந்த குடும்பம்." சிறிது யோசித்தான். "அப்போ இயேசு சாமிக்கும் அந்த மஞ்சள் துணி தைச்சிருப்பாங்களா?" என்றான். "ஆமாம், மாதாவுக்கும்" என்றோம்.

ஊர் வந்த அடுத்த வாரம் கோயில் தெருமுனைக்குப் போனோம். பெட்டிக்கடை இன்னும் இருக்கிறது. அன்று கடைசி வரிசையில் அமர்ந்திருந்தவர் இன்று நரைத்த தலையோடு கடையில் அமர்ந்திருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் ஆயிரம் முறை வணக்கம் சொல்லிக் கடந்திருக்கிறோம், இதைப் பேசியதில்லை. அன்று பேசினோம். சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரித்தார்.

"அட, அதையெல்லாமா இன்னும் நெனச்சுகிட்டு இருக்கீங்க? சின்னப் புள்ளைங்கதானே."

நாங்கள் தலைகுனிந்து நின்றோம். சிரிப்பு மெல்ல அடங்கியது. பாக்குப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே சொன்னார்:

"அப்பாவுக்கு அந்த வேசம்னா உசுரு. மறு வருசம் கட்டலை, ஞாபகம் இருக்கா? தொண்டை கட்டிப்போச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. தொண்டைக்கு ஒண்ணுமில்லை. நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு அழுதேன். ஏன்னு கேட்டாரு, சொன்னேன். அன்னைக்கே தாடியையும் தலைப்பாவையும் கொண்டுபோய் உபதேசியார்கிட்ட குடுத்துட்டாரு. சாகுறவரைக்கும் திரும்ப அவர் மேடை ஏறலை."

எங்களுக்கு நினைவிருந்தது. தொண்டை கட்டிவிட்டது என்பதை நாங்கள் நம்பியிருந்தோம். புதிதாக நடித்தவருக்குக் குரல் போதவில்லை என்று குறைகூடச் சொல்லியிருந்தோம்.

மன்னிப்பு என்ற சொல்லை எங்கள் இருவரில் யார் முதலில் சொன்னோமோ, தெரியவில்லை. அவர் பதில் சொல்லவில்லை. கண்ணாடிச் சாடியைத் திறந்து இரண்டு கமர்கட்டுகளை எடுத்து எங்கள் கையில் வைத்தார். காசு கொடுத்தோம், வாங்க மறுத்துவிட்டார். அங்கேயே நின்று வாயில் போட்டுக்கொண்டோம்.